இரண்டு விரல் இறுக்கம்

திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் நான் அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். முதல் பஸ் அங்கே போய்ச் சேர எட்டே முக்கால் ஆகும். அதனால் கார்தான். காரோ எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாக இதையே மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, மைக்ராஸ்கோப்பில் யாரோ ஒருவருடைய ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

பதினான்கு வருடமாக எங்கள் லேபில் நான் இரண்டாம் ஆள். முதல் ஆள் இரண்டு தடவை மாறினார். இரண்டு தடவையும் வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று நான்தான் அவருக்குக் காட்டினேன். இப்போது ஆஸ்பத்திரி புதிதாகத் திறந்த கிளையில் லேபுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கீழே பதினோரு பேர். கடிதத்தைப் படித்த அன்று சமையலறைக்கும் வாசலுக்குமாக எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. சந்தோஷத்தில் நடக்கிறேன் என்று என் கணவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"நீ போறதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல," என்றார் அவர். "வண்டியைப் பத்தித்தான் சொல்றேன். கொதிக்கிற சைலன்சர் குழாய் மேல எண்ணெய் சொட்டுது. ஆளில்லாத ரோட்டுல புகை கிளம்புச்சுன்னா என்ன பண்ணுவ?"

"சரி பண்ணிடலாம்."

"மெக்கானிக் ரெண்டு தடவை சரி பண்ணியாச்சு."

அது உண்மை. இரண்டு தடவையும் மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, மூடிக்கடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் முழுக்கப் பசையை அப்பி, மூடிக் கொடுத்தார். இரண்டு தடவையும் ஒரு மாதத்தில் ஒழுகியது. மூன்றாம் தடவை போனபோது, "பழைய வண்டி மேடம், வேர்க்கத்தான் செய்யும்," என்றார். அடுத்து எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன தேதி நான் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் பின்னால் இருந்தது.

கடைசியில் நானும் அவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிறு ராத்திரி காருக்கு அடியில் பேப்பர் விரித்து வைப்பது. காலையில் காய்ந்திருந்தால் நான் போகலாம். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டியது. அவர் வற்புறுத்தவில்லை. நான்தான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். சுவர் முழுக்க ஆணிகளில் கேஸ்கட்டுகள் தொங்கின, ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இன்ஜினின் வாய் அளவுக்கு.

"டேப்பட் கவர் பேக்கிங்தானே?" என்றாள், என் காரின் மாடலைக் கேட்டுவிட்டு; மேல்மூடி கேஸ்கட்டுக்குக் கடையில் அதுதான் பெயர். "யாரு போடப்போறா?"

"நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "அப்ப ரெண்டா எடுத்துக்குங்கக்கா."

"ஒண்ணு போதும்."

"மொத தடவை போடறவங்க எல்லாரும் ரெண்டுதான் எடுப்பாங்க."

"நான் ஒண்ணுலயே போட்டுடுவேன்."

"சரி. கடைக்குப் பின்னாலதான் வீடு. ஞாயித்துக்கிழமைன்னாலும் கதவைத் தட்டலாம்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு கேஸ்கட்டை மேஜைமேல் வைத்து விரலால் சுற்றிக் காட்டினாள். "பழைய பசையைச் சுரண்ட இரும்பு எதையும் வைக்காதீங்க, கீறல் விழுந்தா அந்த வழியா வரும். ப்ளாஸ்டிக் கார்டு போதும். புதுசுல எண்ணெயும் தடவக் கூடாது, பசையும் தடவக் கூடாது. நாலு மூலைல மட்டும் பட்டாணி அளவு பசை. முக்கியமானது இதுதான். ஸ்பானரை ரெண்டு விரல்ல பிடிச்சு முறுக்குங்க. உள்ளங்கை பட்டுச்சோ, போச்சு."

"அவ்வளவு லேசாவா?"

"தகரக் கவர்க்கா இது. அழுத்தி முறுக்கினா போல்ட் இருக்கிற இடம் குழியும், நடுவுல தூக்கிக்கும். ஒழுகுதேன்னு எல்லாரும் முறுக்குவாங்க. முறுக்க முறுக்க இன்னும் ஒழுகும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்ஜின் சில்லென்று இருந்தது. பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக்கொடுத்தேன். ப்ளக் ஒயர்கள் நாலுக்கும் லேபில் சாம்பிள் பாட்டிலில் ஒட்டுகிற வெள்ளைப் பட்டையைச் சுற்றி எண் போட்டேன். கவரில் எட்டு போல்ட். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டில் இருந்த வரிசைப்படியே நிறுத்தினேன்.

மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார், அவருடைய தங்கை, படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. பேஷண்ட் பொழைக்குமா?"

"பொழைக்கும். சொந்தக்காரங்களை மட்டும் உள்ள விடாத."

"சொந்தக்காரர் இப்பதான் எங்க வீட்டுல குழாயை முறுக்கிட்டுப் போனார். போற போக்குல ஜாம் பாட்டிலையும் ஒரு வழி பண்ணிட்டார். அரை மணி நேரமா தட்டிட்டிருக்கேன். இனிமே ஜாம் வேணும்னா பாட்டிலை உடைச்சுத்தான் தின்னணும்."

சிரித்தேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் பாட்டில், ஷாம்பு மூடி, குக்கர் கைப்பிடியின் திருகு என்று எதை நான் மூடினாலும் அவள் அண்ணன் பின்னாலேயே வந்து ஒரு கால் சுற்று சுற்றிவிட்டுப் போவார். அவர் ஆலையில் நீராவிக் குழாய்களுக்கு ஃபிட்டர். பதினோரு வருடத்துக்கு முன்பு அவருடைய ஷிஃப்டில் ஓர் இணைப்பு இளகி, பக்கத்தில் நின்றவருக்குக் காதும் கழுத்தும் வெந்துபோயின. அந்த இணைப்பைப் பொருத்தியது இவர் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து அவருடைய கை சும்மா இருப்பதில்லை.

கவரின் விளிம்பை ரப்பர் சுத்தியலால் தட்டியதும் விட்டுக்கொடுத்தது. பழைய கேஸ்கட் அப்பளமாக உடைந்து வந்தது. பாதி கவரோடும் பாதி இன்ஜினோடும் ஒட்டியிருந்தது. மெக்கானிக் அப்பிய பசை அதன்மேல் சிவப்புத் தோலாக இறுகிக் கிடந்தது. துணியை உள்ளே அடைத்து, துகள் எதுவும் விழாதபடி, காலாவதியான என் ஆஸ்பத்திரி அடையாள அட்டையால் சுரண்ட ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த வாரத்திலேயே என் மனம் நின்ற இடத்தில் நின்றது அந்த இரண்டு மணி நேரம்தான். விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கே தடுக்குகிறதோ அங்கே சுரண்டு. தடுக்கவில்லையென்றால் அடுத்த அங்குலம். வேறு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

புதுக் கேஸ்கட் பள்ளத்தில் உட்கார்ந்தது. நாலு மூலையிலும் பட்டாணி அளவு பசை. கவரைத் தூக்கி நேராக இறக்கினேன். போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு இரண்டு விரலில் ஸ்பானரைப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே, எதிரும் புதிருமாக மூன்று சுற்றில் இறுக்கினேன். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து கவர்வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். லேபிலும் மூடிகளுக்கு அப்படித்தான் செய்வேன்.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கையாலயே கழட்டிடலாம் போல இருக்கே."

"முடியாது. பாத்துட்டேன்."

"இல்ல, இன்ஜின் ஓடறப்ப நடுங்கும். நடுங்கினா இளகும்."

"இளகாதுங்க. அந்தக் கடைக்காரம்மா சொல்லிச்சு."

"அந்தம்மாவா ரோட்டுல நிக்கப்போகுது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனது அவர் மட்டும்தான். அந்த வார்த்தை போகவில்லை. பசை இறுகச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். சாப்பிட்டேன். துணி மடித்தேன். வெளியூரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டு மூன்றாம் தடவை கழுவினேன். நடுங்கினா இளகும். பிற்பகலில் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், நான் ஏன் காரிடம் போனேன் என்று கேட்டால், சும்மா பார்க்கத்தான். ஆனால் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

என் பக்கத்து வரிசையில் இருந்த நாலு போல்ட்டுக்கும் கூடுதலாக ஓர் அரிசி அகலம் முறுக்குக் கொடுத்தேன். விரலால் அசையவில்லை, உள்ளங்கையை வைத்தேன். உள்ளங்கை பட்டதும் இது அதிகம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் மனதில் ஏதோ ஒன்று லேசானது. என்ன அது என்று அப்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டை மூடிவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாயங்காலம் இருவரும் நின்று இன்ஜினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டோம். டார்ச் அடித்துப் பார்த்தோம். காய்ந்துதான் இருந்தது. அவர் "ம்" என்றார். நல்ல "ம்". "நாளைக்கு எதுக்குக் காத்துக்கிட்டு, இன்னிக்கே ஒரு பேப்பர் போட்டுப் பாத்துடுவோம்," என்று அவரே அடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்.

ஞாயிறு காலை பேப்பரில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை.

அவர் பக்கத்தில் நின்றார். அவர் "பாத்தியா" என்று சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட ஏதாவது கிடைத்திருக்கும். பானெட்டைத் திறந்தேன். கவரின் பின்பக்கம், கார் கண்ணாடியைப் பார்த்த ஓரத்தில், கேஸ்கட் நாக்கைத் துருத்தியதுபோல வெளியே பிதுங்கியிருந்தது. அதன் கீழே எண்ணெய் ஈரமாக மின்னியது.

கோடுகளைப் பார்த்தேன். என் பக்கத்தில் நாலும் உடைந்திருந்தன. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் கொடுத்தது ஓர் அரிசி அகலம். இங்கே கோட்டின் இரண்டு துண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நான் தொடாத அந்தப் பக்கத்து நாலு போல்ட்டிலும் அப்படியே.

திரும்பினேன். அவர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக மேலே வந்தன. கேட்டுவிடலாம். கேட்டால் என்னுடைய நாலையும் சொல்ல வேண்டும்.

மாடியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அண்ணி, என்னாச்சு? நேத்து நீங்க குளிக்கப் போனப்ப அண்ணன் பானெட்டைத் திறந்து வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரே. பொண்டாட்டி வேலையை ரசிக்கிறாரு போலன்னு நெனச்சேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார். "உள்ள போய் ஜாமைத் தின்னு."

"திறந்தாத்தானே திங்கறதுக்கு!"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் இன்ஜினைப் பார்த்தோம்.

"எவ்வளவு?" என்றேன்.

"கால் சுத்து."

"எட்டுலயுமா?"

"எட்டுலயும்." என் பக்கத்து வரிசையைக் காட்டி, "நாலு மட்டும் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. நீ அந்தப் பக்கம் நல்லா முறுக்கியிருக்கேன்னு நெனச்சேன்," என்றார்.

"அது நான் ரெண்டாவது தடவை முறுக்கினது. நீங்க கடைக்குப் போனப்ப."

அவர் என்னைப் பார்த்தார். மீசை துடித்தது. "அப்ப என்னை மட்டும் ஏன் அப்படி முறைக்கிற?"

சிரித்திருக்கலாம். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரமாகக் கேட்காமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் போகக் கூடாதுன்னா முறுக்கினீங்க?"

"பைத்தியமா உனக்கு? போகணும்னுதான் முறுக்கினேன். கவர் இளகி நீ நடு ரோட்டுல…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தன் கைகளைப் பார்த்தார். "எங்க வேலைல ஒழுகினா முறுக்கணும். எனக்கு வேற தெரியாது."

அவர் பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவருடைய பொய்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவை சின்னச் சின்னவை, சாப்பிட்டாச்சு, வலிக்கல என்கிற வகை. இது அதில் சேராது. அவர் என்னிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? நீ எதுக்கு முறுக்கினே என்று. நல்லவேளை, அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளங்கை பட்டபோது மனதில் லேசானது எது என்று அப்போது பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒழுகட்டும் என்று நான் நினைக்கவில்லை, அந்த வார்த்தைகளில் இல்லை. ஆனால் ஒழுகிவிட்டால் பழைய லேபுக்கே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காரலாம். வெளியிலிருந்து வந்தவரைப் பற்றி டீ குடிக்கும்போது பேசலாம். எனக்கு வரவேண்டியது வரவில்லை என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கலாம். பதினான்கு வருடத்தில் அந்த இடம் எனக்கு எவ்வளவு பழகிவிட்டது. புதுக் கிளையில் பதினோரு பேர் என் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று கேட்பார்கள். தவறான ஒரு ரிசல்ட் போனால் அது என் கையெழுத்தோடு போகும். கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் நடந்தேன் என்று சொன்னேனே. அதில் பாதி நடை பயத்தின் நடை.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு கதவு திறந்திருந்தது. விட்டுவிடுவோம் என்று நான் சொன்னால் அவர் சரி என்பார். என்மேல் குறை சொல்ல மாட்டார். யாருமே சொல்ல மாட்டார்கள். வண்டியைத்தான் சொல்வார்கள்.

"கடைக்காரம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்," என்றேன்.

அவள் ஈரத் தலையோடு கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கடைச் சாவியை எடுத்தாள். ஆணியிலிருந்து கேஸ்கட்டைக் கழற்றும்போதுதான், "யாரு முறுக்கினது?" என்றாள்.

"ரெண்டு பேரும்."

"ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரா?"

"ஆமா."

"நல்ல குடும்பம்," என்றாள். "கவர் போல்ட் ஓட்டையைச் சுத்திக் குழிஞ்சிருக்கும். திருப்பிப் போட்டு மரக்கட்டை மேல வச்சு தட்டிச் சமமாக்குங்க. அதைச் செய்யலேன்னா இன்னும் பத்து பேக்கிங் போட்டாலும் ஒழுகும். இப்பவாவது ரெண்டு தரட்டுமா?"

தலையை ஆட்டினேன். இரண்டு வாங்கிக்கொண்டேன்.

கவரைத் தட்டிச் சமமாக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். என்னால் முடியாது என்பதற்காக அல்ல. அவருடைய கைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. பழைய கதவுச் சட்டத்தின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் கவரைக் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றித் தட்டினார். தட்டிவிட்டு ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார், மறுபடி தட்டுவார். எவ்வளவு மெதுவாகத் தட்டினார் என்று சொன்னால் அவருடைய ஆலையில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இன்ஜின் விளிம்பைத் துடைத்தேன். கவரைத் தூக்கியபோது உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் இன்ஜினின் பக்கவாட்டில் வழிந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, கைக்கு எட்டிய மட்டும் கழுவினேன்.

மூடும் நேரம் வந்ததும் அவர் இரண்டு அடி பின்னால் போய், கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"உள்ள போங்களேன்."

"இங்கயே நிக்கிறேன். கை வெளிய வராது."

"வந்தா?"

"தங்கச்சியைக் கூப்பிடு, பிடிச்சு வைக்கட்டும்."

இரண்டு விரல். நடுவிலிருந்து வெளியே. மூன்றாவது சுற்றில் ஐந்தாம் போல்ட்டில் ஸ்பானர் நின்றது. இன்னும் கொஞ்சம் போகும் என்று தோன்றியது. போகும் என்பது எனக்கே தெரியும். எல்லாம் இன்னும் கொஞ்சம் போகும். ஸ்பானரை எடுத்து ஆறாவதில் வைத்தேன். பின்னால் அவர் மூச்சை விடுவது கேட்டது.

பிறகு அந்த நீண்ட பிற்பகல். இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நான் எழுந்தால் அவர் பார்ப்பார். அவர் எழுந்தால் நான் பார்ப்பேன். தண்ணீர் குடிக்கப் போவதற்கும் சொல்லிவிட்டுப் போனோம். கடைசியில் அவர் ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அங்கிருந்தே, "ரசீது வேணுமா?" என்று கேட்டாள். சாயங்காலம் இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் புதுப் பேப்பர் விரித்தார்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஏற்கெனவே குந்தி உட்கார்ந்திருந்தார். பேப்பரில் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு.

"ம்," என்றார். இது அந்த நல்ல "ம்" இல்லை.

நானும் குந்தினேன். கூடவே, சனிக்கிழமை உள்ளங்கை பட்டபோது வந்த அந்த லேசும் எட்டிப் பார்த்தது. வந்துட்டியா என்று நினைத்தேன். பேப்பரை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். நடுவில் கறுப்பாகப் பொத்தான் அளவு. அதைச் சுற்றி வெளிறிய, அகலமான ஒரு வளையம். நேற்றைய பேப்பரை எடுத்து வரச் சொன்னேன். குப்பைக் கூடையிலிருந்து கொண்டுவந்தார். அந்தக் கறையில் வளையம் இல்லை. ஓரம்வரைக்கும் ஒரே கறுப்பு.

"மோந்து பாருங்க."

முகர்ந்தார். "மண்ணெண்ணெய்."

"நேத்து நான் கழுவினது. இடுக்குல தங்கி ராத்திரி இறங்கியிருக்கு. இன்ஜின்லேர்ந்து வர்ற எண்ணெய்ல மண்ணெண்ணெய் எப்படி இருக்கும்?" டிஷ்யூ பேப்பரை நாலாகக் கிழித்து, கவரின் நாலு பக்கமும் ஒவ்வொன்றை ஓட்டி எடுத்து, பானெட் விளிம்பில் வரிசையாக வைத்தேன். நாலும் வெள்ளை. பின்பக்கத்துத் துண்டை அவரே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்தாலும் பேப்பர் காஞ்சிருக்கணும்னு பேச்சு," என்றார் மெல்ல. பிடிவாதமாகச் சொல்லவில்லை. பயந்தவர் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் ஒன்றாகத்தான் சொன்னார்.

"பேச்சுதான். ஆனா நான் போறேன்."

இந்த மூன்று வாரத்தில் யாரையும் கேட்காமல் நானே முடிவாகச் சொன்னது இது ஒன்றுதான் என்று வண்டியை வெளியே எடுக்கும்போது தோன்றியது. அவர் கேட்டைத் திறந்து, நான் தெருவில் திரும்பும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் கருகல் வாசனை வந்தது. முதலில் வெளியே எங்கோ என்று நினைத்தேன். ஜன்னலை ஏற்றினேன்; அதிகமானது. மூடியிருந்த ஒரு டயர் கடையின் முன்னால் ஓரம் கட்டினேன். பானெட்டைத் தூக்கினேன். சைலன்சர் குழாயிலிருந்து நூலிழைபோல ஒரு புகை. கவரைச் சுற்றிலும் விரலை ஓட்டினேன். சூடு, ஆனால் வறண்டிருந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். காலையில் இருந்த கோட்டிலேயே நின்றது. குழாயில் ஏற்கெனவே படிந்திருந்த எண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் புரிந்தது, இருந்தும் கம்பியை இன்னொரு தடவை உருவிப் பார்த்தேன்.

போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"பாதி வழில. நிறுத்தியிருக்கேன்."

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. "புகையா?"

"கொஞ்சம். பழைய எண்ணெய் எரியுது. கவர் காஞ்சிருக்கு. அளவு குறையல."

"நான் வரட்டுமா?"

வாங்க என்று சொன்னால் வந்துவிடுவார், பக்கத்து வீட்டு பைக்கைக் கடன் வாங்கிக்கொண்டாவது. வந்து இரண்டு பேரும் நின்று புகையைப் பார்ப்போம். அதற்குள் ஏழரை ஆகிவிடும்.

"வேணாங்க."

"சரி." நாற்காலி மறுபடி நகர்ந்தது. "அங்க போனதும் அடில ஒரு பேப்பர் போட்டு வை. மத்தியானம் ஒரு தடவை இறங்கி வந்து பாரு."

"மத்தியானம் எனக்கு வேலை இருக்கும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று காதில் விழுந்தது. பின்னணியில் நாத்தனார் ஏதோ கேட்பதும், அவர் "போயிட்டிருக்கா" என்று அவளிடம் சொல்வதும் கேட்டது.

புகை நின்றிருந்தது, அல்லது வெயிலில் தெரியவில்லை. பானெட்டை இறக்கினேன், முதல் தடவை பூட்டிக்கொள்ளவில்லை. மறுபடி தூக்கி, இரண்டு கையாலும் அமுக்கினேன். மணி ஆறு ஐம்பத்தைந்து. இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.